சாவேஜ் 99, கேலிபர் .250-3000: வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறேன். அமெரிக்கா வந்து 11 வருடம் ஆகிறது. இன்னும் எச்-1பி விசாதான், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். நண்பர் ஒருவருக்கு லானோ பக்கம் ராஞ்ச் இருக்கிறது. காலமான அவருடைய அப்பா வைத்திருந்த சாவேஜ் 99 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளைப் போன நவம்பரில் சுட்டுப் பார்த்தேன். கேலிபர், அதாவது தோட்டாவின் வகை, .250-3000. தோளில் உதையே தெரியவில்லை. தோட்டா மாற்ற லீவரை இறக்கி ஏற்றினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருந்தது. அதேபோல ஒன்று வேண்டும் என்று எட்டு மாதமாகத் தேடுகிறேன். இப்போது இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று ஆன்லைன் ஏலத்தில், 1,100 டாலர். படத்தில் கேலிபர் முத்திரை தெரியவில்லை, “.250 என்றுதான் நினைக்கிறேன்” என்கிறார் விற்பவர். இன்னொன்று வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், .303 சாவேஜ், 650 டாலர். “303 தோட்டா எங்கேயும் கிடைக்கும்” என்கிறார் கடையில் இருக்கும் பையன். எதை வாங்கலாம்? பின்னாளில் ஊருக்குத் திரும்பினால் கொண்டுபோக முடியுமா?
— பெயர் வேண்டாம், ஆஸ்டின்

பதில்: தம்பி, ரைஃபிளுக்கு அப்புறம் வருவோம். முதலில் ஒரு கேள்வி. போன நவம்பரில் ராஞ்சில் சுட்டீர்களே, அன்றைக்கு உங்கள் பர்ஸில் டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் இருந்ததா?

இருந்தது என்றால் நல்லது. இல்லை என்றால், இனிமேல் அது கையில் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள். 1998-லிருந்து இங்கே ஃபெடரல் சட்டம் இப்படித்தான்: குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கக் கூடாது என்பது மட்டுமில்லை, வைத்திருக்கவும் கூடாது. மாணவர் விசாவும் எச்-1பியும் இதில் அடக்கம். அதே சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு உதவுவது ஒன்று: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை கிடையாது. என் கடைக்கு வருகிற நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் பாதி தெரியாது. மீதிப் பேருக்கு இரண்டாவது பாதி தெரியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் எப்போது எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். வாங்குகிற அன்றைக்கு லைசென்ஸ் காட்டிவிட்டு அடுத்த வருடம் புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1-ம் தேதி காலையில் உங்கள் அலமாரியில் இருப்பது சட்டப்படி உங்களிடம் இருக்கக் கூடாத பொருள். கிரீன் கார்டு வரும்வரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் போனில் அலாரம் வையுங்கள். 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். அதை முடித்துவிட்டுத் தேட ஆரம்பியுங்கள். குடியேற்ற வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் இந்த விஷயத்தில் “பார்த்துக்கொள்ளலாம்” என்று இருக்க முடியாது.

சரி, இனி ரைஃபிள்.

கடையில் இருக்கிற .303-ஐ விட்டுவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. .303 சாவேஜ் வேறு, .303 பிரிட்டிஷ் வேறு. நம் ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய லீ என்ஃபீல்டின் தோட்டா பிரிட்டிஷ் .303. சாவேஜ் .303 அதைவிடக் கட்டையான, வேறு வடிவத் தோட்டா. எண் மட்டும்தான் பொது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போடக் கூடாது. முயன்றும் பார்க்கக் கூடாது. பெரிய கம்பெனிகள் சாவேஜ் .303 தோட்டாவை வழக்கமாகச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் “எங்கேயும் கிடைக்கும்” என்று சொல்கிற கடையில் நான் பழைய துப்பாக்கி வாங்க மாட்டேன். 650 டாலருக்குச் சுவரில் மாட்ட ஒரு அழகான பொருள் வேண்டும் என்றால் அது வேறு கதை.

நீங்கள் .250-தான் வேண்டும் என்று நிற்பது எனக்குப் புரிகிறது. அந்தத் தோட்டாவுக்கு ஒரு ஜாதகம் உண்டு. சார்லஸ் நியூட்டன் என்ற வடிவமைப்பாளர் சாவேஜ் கம்பெனிக்காகச் செய்து கொடுத்தது, 1915-ல் சந்தைக்கு வந்தது. நியூட்டன் நினைத்தது 100 கிரெயின் (எடை அளவு) குண்டு, அதாவது தோட்டாவின் நுனியிலிருந்து பறக்கும் பகுதி. கம்பெனிக்கோ “வினாடிக்கு 3000 அடி” என்று விளம்பரம் போட ஆசை. அதற்காகக் குண்டை 87 கிரெயினாகக் குறைத்தார்கள். பெயரிலேயே 3000-ஐ ஒட்டிவிட்டார்கள். அந்த விளம்பர ஆசை இன்றைக்கும் உங்களைத் தொடும். பழைய .250 பேரல்களில் குண்டைச் சுழல வைக்கும் உள்வரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான் சுற்றும். லேசான குண்டுக்குப் போட்ட கணக்கு அது. 100 கிரெயின் வரை பெரும்பாலும் நன்றாகப் போகும். அதற்கு மேல் கனமான குண்டைப் போட்டால் காற்றில் தள்ளாடி, தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துளை விழும். அதைப் பார்த்துவிட்டுப் பேரல் தேய்ந்துவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பேரல் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த வெண்ணெய் லீவருக்கும் காரணம் உண்டு. ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் கம்பெனி தொடங்கினார். மற்ற பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் பேரலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றின் பின்னால் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்தோட்டாவின் பின்புறத்தில் இருக்கிற ப்ரைமரை, அதாவது அடித்தால் தீப்பிடிக்கும் மூடியை, பின்தோட்டாவின் மூக்கு தொட்டுக்கொண்டிருப்பதால் கூர்மூக்குக் குண்டு ஆகாது. சாவேஜ் அந்தக் குழாயையே தூக்கிவிட்டு, ரிசீவருக்குள், அதாவது பேரலுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உடலுக்குள், பித்தளையில் ஒரு ராட்டினம் வைத்தார். தோட்டாக்கள் அதில் சுற்றிச்சுற்றி வரும். இடது பக்கம் ஒரு சின்ன ஜன்னல். எத்தனை மிச்சம் என்ற எண் அதில் தெரியும். வெளியே தெரிகிற சுத்தியலும் கிடையாது. நண்பரின் ரைஃபிளில் அந்த ஜன்னலைக் கவனித்தீர்களா? அடுத்த முறை ஒரு ரவுண்ட் போட்டுவிட்டு எண் நகர்வதைப் பாருங்கள்.

பிறகு ஏன் .250 அரிதாகிவிட்டது? 1952-ல் .308, 1955-ல் .243 வந்தன. இரண்டும் எல்லாக் கடையிலும் கிடைத்தன; .250 மெல்ல ஓரம் கட்டப்பட்டது. 99 மாடலே 1990-களின் கடைசியோடு நின்றுபோயிற்று. அதனால் நீங்கள் பார்க்கப்போவதில் அநேகம் உங்கள் தாத்தா வயது ரைஃபிள்கள். அந்த வயதில் ஒரு துப்பாக்கி நாலைந்து கை மாறியிருக்கும். அதில் ஒரு கைக்காவது வீட்டில் ட்ரில் மெஷின் இருந்திருக்கும்.

ஏலத்தில் இருப்பதற்கு வருகிறேன். “.250 என்றுதான் நினைக்கிறேன்” என்று சொல்பவருக்குப் பணம் அனுப்ப வேண்டாம், முத்திரையின் படம் வரும்வரை. பேரலில் ரிசீவரை ஒட்டிய இடத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் கேளுங்கள். சீரியல் நம்பர் படமும் கேளுங்கள். லீவரின் மூட்டுப் பகுதியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் அதையும். 1949-லிருந்து சில காலம் வருடத்துக்கு ஒரு எழுத்து குத்தினார்கள். ‘ஏ’ என்றால் 1949. அந்த எழுத்து இல்லை என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. கேட்ட படத்தை அனுப்பச் சலித்துக்கொள்கிறவர் விற்ற பிறகு போனையும் எடுக்க மாட்டார்.

முத்திரை .250 என்று இருந்தாலும் சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) .250 என்று அர்த்தமில்லை. இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாரும் காதில் வாங்குவதில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு 99 கொண்டுவந்தார். யுத்தத்துக்கு முந்தையது, முத்திரை தெளிவு, நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். “துப்பாக்கி அருமையாகச் சுடுகிறது, ஆனால் காலி கேஸ் மட்டும் வேறு மாதிரி வருகிறது” என்று, சுட்ட பிறகு மிஞ்சும் அந்தப் பித்தளைக் கூடுகளில் மூன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்தினோம். புதியதன் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரிகிற பகுதி, கோவில் குளத்துப் படி மாதிரி மெதுவாகச் சரிந்தது. காலி கேஸின் தோள் வெட்டி வைத்தாற்போல் செங்குத்தாக நின்றது. உடம்பும் நேராக நிமிர்ந்திருந்தது.

சேம்பரை அச்செடுத்தேன். இதற்கென்று செரோசேஃப் என்று ஒரு உலோகம் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரின் சூடுகூட வேண்டாம், அதற்கு முன்பே உருகிவிடும். பேரலுக்குள் சேம்பரைத் தாண்டித் துணியை அடைத்து, சின்னக் குழாய் வழியாக ஊற்றினால் சில நிமிடத்தில் உறைந்து, தட்டினால் வெள்ளி நிறத்தில் ஒரு தோட்டா போல வெளியே வந்து விழும். முதலில் கொஞ்சம் சுருங்கும். சுமார் ஒரு மணி நேரம் கழித்துச் சேம்பரின் உண்மையான அளவுக்கு வந்து நிற்கும். அப்போதுதான் அளக்க வேண்டும். வாத்தியார் அந்த ஒரு மணி நேரமும் காபி குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளந்தால் தோள் 40 டிகிரி. சாதாரண .250-க்கு 26.5 டிகிரிதான். யாரோ எப்போதோ அதை அக்லி இம்ப்ரூவ்டு என்ற வகைக்குக் குடைந்து விட்டிருக்கிறார்கள், முத்திரையை மாற்றாமல். அதில் சாதாரண .250 தோட்டாவைச் சுடலாம், ஆபத்தில்லை. ஆனால் கேஸை மறுபடி நிரப்ப வேறு டை (கேஸை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு) வேண்டும், அசல் என்ற மதிப்பும் போயிற்று. அவர் கொடுத்ததோ அசலுக்கு உரிய விலை.

ஏலத்துக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: “இந்த ரைஃபிளில் சுட்ட காலி கேஸ் ஒன்று இருக்கிறதா? பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்ப முடியுமா?” இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. இல்லை என்றால், கையில் வந்த பிறகு திருப்பி அனுப்ப மூன்று நாளாவது அவகாசம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த நாட்களில் சுடக் கூடாது என்பது வழக்கம். சுடாமலே ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) சேம்பர் அச்சும் ஹெட்ஸ்பேஸ் (தோட்டா சேம்பரில் சரியாக உட்காரும் இடைவெளி) அளவும் எடுத்துவிடலாம். ஏலக்காரர் எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து மரக்கட்டை. 99-ன் ஊறிப்போன வியாதி இது. ரிசீவரின் பின்வால் மரத்துக்குள் நுழைகிற இடத்தில், இரண்டு பக்கமும், தலைமுடி கனத்தில் வெடிப்பு ஓடும். படத்தில் தெரியாது. கையில் வாங்கியதும் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவித் துடையுங்கள். வெடிப்பு இருந்தால் எண்ணெயைக் குடித்துக் கருப்புக் கோடாக நிற்கும். சின்ன வெடிப்பை ஒட்டலாம், பயப்பட வேண்டாம். விலையில் பேசலாம். பேரலைத் திருகிக் கழற்றுகிற வகையும் உண்டு. அதில் பேரலும் ரிசீவரும் சேர்கிற இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். பேரல் உள்ளே வெளிச்சம் அடித்தால் வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். பழைய தோட்டாக்களின் ப்ரைமரில் உப்பு இருக்கும். அந்தக் காலத்தில் சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்த பேரலில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும்.

ரிசீவர் மேலே ஸ்கோப்புக்கு யாராவது துளை போட்டிருந்தால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். விலை நன்றாகவே இறங்கும். நீங்கள் அதைத் தேடிப் பிடியுங்கள் என்பேன். துளை நேராக இருந்தால் போதும். உங்களுக்கு வேண்டியது லானோவில் மான் அடிக்க ஒரு ரைஃபிள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அல்ல. நாற்பது வயதுக் கண்ணுக்கு ஸ்கோப்பும் வேண்டியிருக்கும்.

ரைஃபிளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. என்னிடம் அரிய கேலிபர் கேட்டு வருகிற எல்லாரையும் இதற்குத்தான் முதலில் அனுப்புவேன். வேட்டை லைசென்ஸ் எடுத்த கையோடு போய் .250 சாவேஜ் (.250-3000-க்கு இன்னொரு பெயர்) தோட்டா வாங்கிக்கொண்டு வாருங்கள். ரெமிங்டனும் ஹார்னடியும் 100 கிரெயினில் செய்வார்கள், ஆனால் தொடர்ந்து அல்ல. ஒரு தவணை ஓட்டுவார்கள். கடையில் வந்த வேகத்தில் தீரும். அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பெட்டி, அதாவது 200 தோட்டா சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஸ்கோப் சரிபார்க்க ஒரு பத்து, மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் ஒரு பத்து என்றால் உங்களுக்குப் பத்து வருடம் ஓடும். மூன்று மாதம் தேடியும் நாலு பெட்டிதான் கிடைத்தது என்றால், அந்த ரைஃபிளோடு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பணம் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது இல்லையா? எட்டு மாதம் ரைஃபிளைத் தேடினீர்கள். அதில் ஒரு மாதத்தையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

சுட்ட கேஸ் ஒன்றையும் தரையில் விடாதீர்கள். தோட்டாவை நீங்களே நிரப்பக் கற்றுக்கொண்டால் .250-ல் தட்டுப்பாடு என்பது பாதி பொய்யாகிவிடும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற .22-250 என்ற தோட்டாவே, .250-ன் கழுத்தைக் குறுக்கிச் செய்ததுதான். அந்தக் கேஸை .250 டைக்குள் விட்டுக் கழுத்தை விரித்தால் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடும். அடியில் .22-250 என்றே குத்தியிருக்கும் என்பதால், அப்படிச் செய்தவற்றைத் தனிப் பெட்டியில் போட்டுப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வெடிமருந்து அளவில் பழைய ரைஃபிளிடம் வீரம் காட்ட வேண்டாம்.

.250 தோட்டா சேரவில்லை என்றால் அதே 99-ஐ .300 சாவேஜில் பாருங்கள். 1920-ல் வந்தது, அதே ராட்டினம், அதே லீவர். உதை கொஞ்சம் கூடும். தோட்டா இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும், ரைஃபிள்களும் சந்தையில் அதிகம். ஒரே எச்சரிக்கை: .300 சாவேஜும் .308-ம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டும் வைத்திருக்கிற நண்பரோடு ஒரே மேஜையில் தோட்டாக்களைக் கொட்டி வைக்காதீர்கள்.

வாங்குகிற முறை எளிது. ஏலத்தில் எடுத்தாலும் ரைஃபிள் உங்கள் வீட்டுக்கு வராது. உங்கள் ஊரில் ஃபெடரல் லைசென்ஸ் உள்ள ஒரு டீலருக்கு வரும். அவருடைய கட்டணம் எவ்வளவு, எச்-1பி வாடிக்கையாளரை ஏற்பாரா என்பதை ஏலம் கேட்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். வேலை அதிகம் என்று சிலர் தட்டிக் கழிப்பார்கள். அவர் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள். குடியேறாத விசாவா என்ற கேள்விக்கு ஆம். விலக்கு உண்டா என்ற கேள்விக்கும் ஆம். வேட்டை லைசென்ஸை அங்கே காட்ட வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் குடியேற்றப் பதிவையும் பார்ப்பார்கள், அதனால் ‘தாமதம்’ என்று வந்தால் பதறாதீர்கள். “நண்பர் பெயரில் வாங்கிக்கொள், பணம் நான் தருகிறேன்” என்று மட்டும் கிளம்ப வேண்டாம். அது அவரையும் சேர்த்து ஜெயிலுக்கு அனுப்புகிற குற்றம்.

நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அப்பாவின் ரைஃபிளை அவர் விற்க மாட்டார், அது தெரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்துக் கிழவர்கள் வட்டத்தில் .250 வைத்திருந்த வேறு யாராவது இருந்திருப்பார்கள். நல்ல 99-கள் பல ஏலத்துக்கு வருவதே இல்லை. அலமாரியில் தோட்டாப் பெட்டிகளோடு, டையோடு, யாராவது கேட்க மாட்டார்களா என்று கிடக்கும். என் சொந்த 99 அப்படித்தான் வந்தது. கூடவே பதினோரு பெட்டித் தோட்டாவும், பெட்டி ஒவ்வொன்றிலும் பென்சிலில் எழுதிய தேதியும்.

கடைசியாக, ஊர். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது. அங்கே துப்பாக்கி இறக்குமதியும் லைசென்ஸும் உங்களுக்கும் எனக்கும் ஆகிற காரியமில்லை. திரும்புகிற நாள் வந்தால் இங்கேயே விற்றுவிட்டுப் போங்கள்.

இதைவிட அடிக்கடி நடக்கிற இன்னொன்று உண்டு. ராஞ்சுக்குக் கொண்டுபோன அதே தோள்பையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு லீவுக்குச் சென்னைக்கு விமானம் ஏறுவார்கள். உள்ஜிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இருக்கும். அங்கே ஸ்கேனரில் அது தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. லீவு போலீஸ் ஸ்டேஷனில் கழியும். என் வேட்டைப் பையின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டி வைத்திருக்கிறேன். என் மனைவி கட்டியது. அந்தப் பை கராஜைத் தாண்டி வீட்டுக்குள் வருவதில்லை.